வேர்க்காத கைகள்



தொழுநோயாளர் ஞாயிறு காணிக்கையோடு ஒரு சபையின் மூப்பர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதில் நியாயமான ஒரு கேள்வி இருந்தது. "இந்த வியாதிக்கு மாத்திரை இருக்கிறது, அரசாங்கமே அதை இலவசமாகக் கொடுக்கிறது, சாப்பிட்டவர்கள் குணமாகிறார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்படியானால் குணமானவர்களுக்கு எண்ணெயும் பிளாஸ்டிக் பேசினும் வாங்க எதற்காகப் பணம்?" அவருக்குத் தனியாகப் பதில் எழுதினோம். ஆனாலும் இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்று எண்ணி, இந்த மடலில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பதில் முழுவதும் உள்ளங்கையின் தோலில் இருக்கிறது. நம் சரீரத்தின் மற்ற இடங்களில் தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையாது. அங்கே தோல் தடித்திருக்கிறது; அந்தத் தடித்த தோலை வளையும்படி மிருதுவாக வைத்திருப்பது பெரும்பாலும் வேர்வைதான். கண்ணுக்குத் தெரியாத அளவில் அது நாள் முழுவதும் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுரப்பிகளை வேலை செய்ய வைப்பவை மெல்லிய நரம்பிழைகள். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளோடு சேர்ந்தே அவையும் கைக்கு ஓடி வருகின்றன.

நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-ல் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, சரீரத்தின் குளிர்ச்சியான பாகங்களில், தோலுக்குச் சமீபமாக ஓடும் நரம்புகளில் தங்க விரும்புகிறது. முழங்கையின் பின்புறம் உட்பக்கமாக ஓடும் நரம்பு அப்படிப்பட்டது. எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை மின்சாரம் பாய்ந்தது போலிருக்குமே, அதுதான். அந்த நரம்பு கெட்டால் மூன்று காரியங்கள் போகின்றன: உணர்ச்சி, விரலை நீட்டும் பலம், வேர்வை. விரல் மடங்கிப்போவதை எல்லாரும் பார்க்கிறார்கள். மடங்கிய விரல்களின் படத்தை நாங்களும் இந்த மடலில் பலமுறை அச்சிட்டிருக்கிறோம். உணர்ச்சி போனதை மருத்துவர் சோதித்துப் பார்க்கிறார். வேர்வை போனதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வேர்க்காத கையைப் படம் பிடித்துக் காட்ட முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காரியாபட்டி, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டைக் கோடையில் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஈரம் போன கரிசல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறதோ, அப்படியே வேர்வை நின்ற உள்ளங்கையும் வெடிக்கிறது. முதலில் பளபளப்பு போய்ச் செதில் செதிலாகிறது. பிறகு தோல் தடித்துக் காய்த்துப்போகிறது. விரல் மடங்கும் ரேகையில்தான் முதல் வெடிப்பு விழும். உங்களுக்கோ எங்களுக்கோ அப்படி ஒரு வெடிப்பு வந்தால் அன்றைக்கு அந்தக் கையால் சோறு பிசைய மாட்டோம். வலி நம்மை விடாது. தொழுநோயால் மரத்த கையில் அந்த வலி இல்லை. ஆகவே அதே கையோடு பருத்தி எடுக்கிறார்கள், சீமைக்கருவேலம் வெட்டுகிறார்கள், கரிமூட்டத்தில் கரி அள்ளுகிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள். வெடிப்புக்குள் மண் புகுகிறது, சீழ் பிடிக்கிறது. விரலுக்குள் ஓடும் நாணின் உறை வழியாகச் சீழ் உள்ளே இறங்கி எலும்பை அடைகிறது. எலும்பு துண்டு துண்டாக வெளியே வருகிறது, அல்லது உள்ளேயே கரைகிறது. விரல் ஒரு கணு குட்டையாகிறது. அடுத்த வருஷம் இன்னொரு கணு.

இந்த வியாதி விரல்களைத் தின்றுவிடும், விரல்கள் அழுகி உதிரும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். இன்றைக்கும் சபைகளில் அப்படிப் பேசக் கேட்கிறோம். அது சரியல்ல என்று ஆராய்ந்து காட்டியவர்களில் முக்கியமானவர் மிஷனெரி மருத்துவர் பால் பிராண்ட். 1914-ல் நம்முடைய கொல்லிமலையிலே பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்குப் போனபோது, அங்கே கண்ட கைகள் அவர் மனதை விட்டு நீங்கவில்லை. நோயாளிகளின் விரல் காயங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்தார். சூடான பாத்திரம், கூரான கருவி, கவனிக்காமல் விட்ட வெடிப்பு என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் அகப்பட்டது. உணர்ச்சியற்ற கையைப் பாதுகாத்தால் விரலைக் காப்பாற்றலாம் என்பது அதிலிருந்து பிறந்த பாடம். 1955-ல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பாடம் பல தேசங்களுக்குப் போயிற்று. பிராண்ட் 2003-ல் காலமானார்.

மாத்திரைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்த வியாதியின் சரித்திரத்தையே மாற்றியது. நோயின் அளவைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் போதும். 2005 டிசம்பரில் இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கை 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே இறங்கியது. இதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. சிகிச்சை முடிந்தவரின் கையில் வியாதி இல்லை, வேர்வையும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் குளோபாசிமின் என்பது தோலைக் கறுக்கவும் வறளவும் செய்யும். மருந்தை நிறுத்தியபின் அது மெதுவாக மாறிவிடும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், "மாத்திரை தின்றுதான் இப்படி ஆனது" என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

சரி, வறண்ட கைக்கு எண்ணெய் பூசினால் போதாதா? போதாது. எண்ணெயில் ஈரம் இல்லை. காய்ந்த தோல்மேல் எண்ணெய் பூசினால் காய்ந்த தோல் பளபளக்கும், அவ்வளவுதான். தோலுக்கு வேண்டியது தண்ணீர். உள்ளே போன தண்ணீர் வெளியேறாதபடி மூடிவைப்பதே எண்ணெயின் வேலை. ஆகவே முதலில் இரண்டு கைகளையும் சாதாரணத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிஷம் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, மரத்த கைக்குச் சூடு தெரியாது. ஊறியபின் காய்ப்பையும் வெடிப்பின் ஓரத்தில் தடித்த தோலையும் சொரசொரப்பான கல்லாலோ தேங்காய் நாராலோ மெதுவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். பிளேடு வேண்டவே வேண்டாம். பிறகு துடைக்காமல், ஈரம் சொட்டுவதை மட்டும் உதறிவிட்டு, உடனே எண்ணெய் பூச வேண்டும். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வாசலின் எதுவானாலும் சரி. இதைத் தினமும், ஆயுசு முழுவதும் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் செய்து பயனில்லை.

சொல்வது சுலபம். மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து வரும் ஒரு தாயார் எங்கள் பிசியோதெரபி சகோதரியிடம் கேட்டார்: "குடிக்கிற தண்ணியே குடம் இத்தனைன்னு வாங்குறோம். கையை ஊறப்போட எங்கம்மா போறது?" கம்மாய் வற்றிய மாதங்களில் அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. சகோதரிதான் ஒரு வழி சொன்னார். வாய் அகன்ற பேசின் வேண்டாம். இரண்டு கையும் நுழையும் ஆழமான சின்னப் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஊறிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிடலாம். வேலை முடிந்து சாயங்காலம் உட்காரும் நேரத்தில், பேசிக்கொண்டே செய்யலாம். நாலைந்து பேர் ஒரு திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் கையை ஒருவர் பார்த்து, "உனக்கு இங்கே வெடிச்சிருக்கு பார்" என்று சொல்லிவிடுவார்கள். தன் கை தனக்கு வலித்துச் சொல்லாதவர்களுக்கு மற்றவரின் கண் பெரிய உதவி. உங்கள் காணிக்கை இப்படிப்பட்ட திண்ணைகளுக்குத்தான் போகிறது.

எண்ணெய்க் கையோடு தூங்கப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசனைக்கு எலி வரும். மரத்த விரலைக் கடித்தாலும் தெரியாது. வேலூரில் பிராண்ட் மருத்துவரின் நவஜீவ இல்லத்துப் பையன்களின் விரல்கள் இரவில் குறைந்துபோன மர்மம் இப்படித்தான் வெளிப்பட்டது. அதன்பின் அங்கே பையன்களுக்குப் பூனைகள் வளர்க்கக் கொடுத்தார்கள். நாங்கள் பூனை கொடுப்பதில்லை. படுக்குமுன் மிச்ச எண்ணெயைப் பழைய துணியால் துடைக்கச் சொல்கிறோம்.

வேதத்தில் குஷ்டம் என்று மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல்லைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் அது வஸ்திரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும்கூடச் சொல்லப்படுகிறது. ஆகவே நாம் இன்று அறிந்த இந்த வியாதி ஒன்றை மாத்திரம் அது குறிக்காது. கிரேக்கச் சொல்லோ செதில் என்ற சொல்லோடு உறவுடையது. செதிலான தோலைக் கண்டதும் தீட்டு என்று ஒதுங்குவதற்கு அந்த அதிகாரங்களை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

சோப்புத் தண்ணீரிலும் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் புழங்கி வறண்ட கைகள் நம் வீடுகளிலும் உண்டு. அதற்கும் இந்தத் தண்ணீரும் எண்ணெயும் நல்லதுதான், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு கையும் ஒரேமாதிரி வறண்டு, வெடிப்பு வலித்தால் அது பெரும்பாலும் சாதாரண வறட்சியே. ஆனால் சித்திரை வெயிலில் எல்லாருக்கும் வேர்க்கும்போது ஒரு கை மாத்திரம், அல்லது சுண்டு விரல் பக்கம் மாத்திரம், காய்ந்தே இருந்தால் விடக் கூடாது. நிறம் வெளுத்து, வேர்க்காமல், உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தாலும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். நரம்பு பழுதாகி 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. நாள் கடந்தபின் அந்த வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. உங்கள் சபையில் வீடு சந்திக்கப் போகிறவர்கள் கை குலுக்கும்போதே இதைக் கவனித்துவிட முடியும்.