நுண்செயலியைத் துடிப்பேற்றல்: பொருளும் சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ் வகுப்பில் நடைபெற்ற வாய்மொழிப் பயிற்சியைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நான்காம் படிவ மாணவர் ஒருவர் எழுந்து, "விளையாட்டுக்காக என் செயலியின் வேகத்தைக் கூட்டினேன், கணினி சூடேறி உறைந்துவிட்டது" என்றார். "எந்தச் செயலி, கைப்பேசியில் இருப்பதா? சூடேறினால் எப்படி உறையும்?" என்று ஆசிரியை வினவினார். வகுப்பு சிரித்தது. மாணவர் எஞ்சிய பகுதியை ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்து அமர்ந்துவிட்டார்.

ஆசிரியையைக் குறை கூறுவதற்கில்லை. பள்ளிகளுக்கென நாமே முன்னர்த் தொகுத்த கலைச்சொற்பட்டியல் ஒன்றில், கணினியின் மூளையாக விளங்கும் சில்லுக்கும், கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்கும் 'செயலி' என்ற ஒரே சொல்லை எழுதியிருந்தோம். இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் அமைந்தமையால், மெய்ப்புப் பார்த்தபோதும் அம்முரண் நம் கண்ணிற் படவில்லை. அம்மாணவர் அன்று சொல்ல வந்தது என்ன, அதனைப் பிழைபடாமல் தமிழில் சொல்வது எங்ஙனம் என்னும் இரண்டினையும் இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

முதலிற் பொருளைக் காண்போம். கணினிச் சில்லு ஒவ்வொரு பணியையும் ஒரு துடிப்பின் கட்டுப்பாட்டிலேயே செய்கிறது. பரதநாட்டிய வகுப்பை நினைத்துக்கொள்வது இங்கு உதவும். நட்டுவனாரின் தட்டுக்கழி ஒருமுறை ஒலித்து மறுமுறை ஒலிப்பதற்குள் ஆடுபவரின் அடி தரையில் நிலைபெற்றிருக்க வேண்டும். சில்லுக்குள்ளும் அவ்வாறே. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் மின்குறிகள் தம் இடத்தைச் சென்றடைந்து நிலைபெற வேண்டும். ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 500 கோடித் துடிப்புகள். அத்தகைய இரு துடிப்புகளின் இடைவெளியில் ஒளியே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தொலைவுதான் செல்லும் என்றால், எத்துணைச் சிறிய கால அளவில் இவ்வாட்டம் நிகழ்கிறது என்பது விளங்கும்.

உற்பத்தியாளர் குறித்த அளவைக் கடந்து இத்துடிப்பை விரைவுபடுத்துவதே நாம் பேசும் செயல். தாளம் விரைந்தால் ஆட்டமும் விரையும். ஆனால் அடி தரையைத் தொடுமுன் அடுத்த தட்டு விழுமாயின் அடவு குலையும். சில்லில் அவ்வாறு குலைந்தால், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் பதியும், கணக்குப் பிழையாகும், கணினி நின்றுபோகும். இதனைத் தவிர்க்க மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டுவர். அழுத்தம் கூடினால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் இன்னும் விரைந்து மாறும். அதற்குரிய விலை வெப்பம்.

இவ்விலை எளிதன்று. சில்லின் இயக்கத்தால் செலவாகும் மின்திறன் துடிப்பின் அளவோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. ஆகவே துடிப்பைப் பத்து விழுக்காடும் அழுத்தத்தைப் பத்து விழுக்காடும் கூட்டினால், 1.1 என்பதை மும்முறை பெருக்கிய கணக்கில், மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு உயரும். பத்து விழுக்காட்டு விரைவுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெப்பம்! விசிறியோ நீர்க்குளிர்ப்பியோ அறைக் காற்றினும் குறைவாகச் சில்லைக் குளிர்விக்க இயலாது. குளிர்நாட்டில் 20 பாகைச் செல்சியசு அறையில் அமர்ந்து செய்தவர் கூறும் அளவுகளை நம் ஊரில் 31 பாகை அறையில் அப்படியே பின்பற்றினால், சில்லும் ஏறத்தாழ அந்தப் பதினொரு பாகை கூடுதலாகவே கொதிக்கும். இன்டெல் சில்லுகள் பல 100 பாகையை நெருங்கியதும் தம் துடிப்பைத் தாமே தாழ்த்திக்கொள்கின்றன. விரைவை நாடிச் செய்தது விரைவைக் குறைத்துவிடும்.

இக்கலைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது 1998 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ. அதன் துடிப்பு, தாய்ப்பலகை தரும் 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை 4.5 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கிப் பெறுவது. அதாவது 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண்ணை மாற்ற இயலாதவாறு இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பைப் பூட்ட முடியவில்லை. தாய்ப்பலகையில் அதனை 100 ஆக உயர்த்தியவர்களுக்கு அதே சில்லு 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2 சில்லுக்கு ஈடாக நின்றது. அதன் 128 கிலோபைட் உள்நினைவகம் சில்லின் முழு விரைவிலேயே இயங்கியமையும் விளையாட்டுகளுக்குத் துணை செய்தது.

மலிவுச் சில்லுக்கு இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? ஒரே சிலிக்கான் வட்டில் உருவாகும் சில்லுகள் எல்லாம் ஒரே திறத்தன அல்ல. அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கின்றனர். சந்தையில் மலிவுச் சில்லுக்குத் தேவை மிகும்போது, உயர்தரத்தில் தேறக்கூடியவையும் தாழ்ந்த எண் பொறித்தே விற்கப்படுகின்றன. இச்சோதனைப் பணியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை 1972 இல் பினாங்கில்தான் நிறுவியது. செலரான் 300ஏ சில்லுகள் பலவற்றின் மேல் 'மலாய்' என்ற அச்சுக்குறி இருந்தது. விரைவுபடுத்தும் ஆர்வலர்கள் உலகெங்கும் அக்குறியைப் பார்த்துப் பார்த்து வாங்கினர். அக்குறி மொழியைச் சுட்டுவதா நாட்டைச் சுட்டுவதா என்று அவர்கள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மொழியியலார்க்கு அப்படி ஒரு நோய் உண்டு.

அப்பொற்காலம் இன்றில்லை. வெப்பமும் மின்திறனும் இடங்கொடுக்கும்போது சில்லே தன் துடிப்பை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டை இன்டெல் 2008 இல் கொணர்ந்தது. ஏ.எம்.டி. நிறுவனமும் அவ்வழியே சென்றது. முன்பு பயனர் தேடிக் கண்டெடுத்த எஞ்சிய ஆற்றலை இன்று ஆலையே பிழிந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது.

இனி, விளையாட்டுக்கு விரைந்த துடிப்பு மட்டுமே போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். நொடிக்கு 60 படச்சட்டங்கள் வேண்டுமெனில் ஒவ்வொன்றையும் சுமார் 16.7 மில்லிநொடியில் முடித்தாக வேண்டும். இதில் நுண்செயலிக்கு ஒரு பங்கு, வரைகலை அட்டைக்கு ஒரு பங்கு. எது தாமதிக்கிறது என்று அறிய எளிய வழியுண்டு. விளையாட்டின் படத்துல்லியத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். படச்சட்டங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் தாமதித்தது வரைகலை அட்டை, உயராவிடின் நுண்செயலி. இச்சோதனையைச் செய்யாமலேயே புதுச் சில்லுக்குப் பணம் செலவழிப்போர் பலர்.

நுண்செயலியே தாமதிக்கிறது என்றாலும், அதற்குக் காரணம் துடிப்பாக இருக்க வேண்டுமென்பதில்லை. சமையலறையில் அஞ்சறைப் பெட்டி அடுப்பருகே இருக்கிறது. அரிசி மூட்டை சாமான் அறையில் இருக்கிறது. கை எவ்வளவு விரைவானதாயினும், கடுகுக்கும் மிளகுக்கும் சாமான் அறைக்கே போய்வந்தால் சமையல் தாழும். சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவகமே அந்த அஞ்சறைப் பெட்டி. ஏ.எம்.டி. 2022 இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி சில்லில், 32 மெகாபைட்டாக இருந்த அந்நினைவகத்தின்மேல் இன்னோர் அடுக்கை ஏற்றி 96 ஆக்கினர். அதன் துடிப்பு முந்தைய 5800எக்ஸ் சில்லினும் குறைவு, பெருக்கெண்ணும் பூட்டப்பட்டது. ஆயினும் பல விளையாட்டுகளில் அதுவே முந்தியது. 2017 இல் ரைசன் வரிசை தொடங்கியபோது வாங்கிய தாய்ப்பலகைகள் பலவற்றில், தொடக்க மென்பொருளை மட்டும் புதுப்பித்து இச்சில்லைப் பொருத்திக்கொள்ளவும் முடிந்தது. எனவே மேம்படுத்த விரும்பும் மாணவர், விரைவுபடுத்தும் முயற்சியில் இறங்குமுன் தம் தாய்ப்பலகை எந்தச் சில்லை ஏற்கும் என்று பார்ப்பதே நன்று.

பொருள் தெளிந்தபின் சொல்லுக்கு வருவோம். 'செயலி' என்னும் சொல்லைக் கைப்பேசி மென்பொருளுக்கு மக்கள் எடுத்துக்கொண்டுவிட்டனர். நாளிதழும் தொலைக்காட்சியும் அப்படியே வழங்குகின்றன. வழக்கில் வென்ற சொல்லைப் பறிப்பதற்குப் பேராசிரியர்க்கு உரிமையில்லை. ஆதலின் சில்லை 'நுண்செயலி' என்று எப்போதும் முழுமையாகவே சொல்ல வேண்டும். 'நுண்' என்னும் அடையை விடுதல் கூடாது. 'மையச் செயலகம்' என்று எழுதுவாரும் உளர். அரசு அலுவலகம் நினைவுக்கு வருவதால் அதனை நாம் விரும்புவதில்லை.

சில்லருகு நினைவகத்தைப் 'பதுக்கு நினைவகம்' என்பர். பதுக்கல் என்றதும் அரிசி மூட்டையை மறைத்து வைக்கும் வணிகரே மனத்தில் தோன்றுகிறார். இங்கு மறைத்தல் இல்லை. அருகில் வைத்தலே உண்டு. 'அண்மை நினைவகம்' பொருந்தும்.

விரைவுபடுத்தும் செயலுக்கு 'மிகைத்துடிப்பு' என்று முன்னர் எழுதினோம். 'மிகை' என்றால் வேண்டாத கூடுதல். மிகைநடிப்பை யாரும் பாராட்டுவதில்லை. செய்யுமுன்னரே குற்றம் சாட்டும் சொல் அது. மேலும் அது பெயர். வினையாக்க முயன்றால் நாக்குப் புரளவில்லை. மெருகேற்று, சூடேற்று, உருவேற்று என்னும் வரிசையில் 'துடிப்பேற்று' என்று கொண்டால், துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய சில்லு, துடிப்பேற்றம் என எல்லா வடிவங்களும் தடையின்றிப் பிறக்கின்றன. எதிர்ச்செயலுக்குத் துடிப்பிறக்கம் என்பதும் உடன் கிடைக்கிறது.

'உறைந்துவிட்டது' பற்றியும் ஒரு சொல். ஆசிரியைக்கு அது ஆங்கில வழக்கின் நகலாகப் பட்டது. ஆனால் அச்சத்தால் உறைந்து நின்றான் என்று நாம் எழுதுகிறோம். அங்கே குளிர் இல்லை, அசைவின்மையே உண்டு. சூடேறிய கணினி உறையலாம். அம்மாணவர் சொன்னது பிழையன்று.

பட்டியலைத் திருத்தியபின் அதே பள்ளிக்கு மீண்டும் சென்று, அம்மாணவரிடம் துடிப்பேற்றம் என்னும் சொல்லைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க ஐயா. ஆனா நான் இப்ப துடிப்ப ஏத்துறது இல்ல; மின்னழுத்தத்தத்தான் கொஞ்சம் இறக்கி வெச்சிருக்கேன். வேகம் அப்படியே இருக்கு, சூடு குறைஞ்சிருச்சு. அதுக்கு என்ன சொல்?" என்றார். சில்லுகள் எல்லாவற்றையும் மனத்தில் கொண்டு ஆலை சற்றுக் கூடுதலாகவே அழுத்தம் வைப்பதால், நல்ல சில்லில் அதனைக் குறைக்க இடமிருக்கும். அவர் செய்தது சரியே. பட்டியலில் அதற்குச் சொல் இல்லை. அவரது மேசையிலேயே அமர்ந்து, பக்கத்தின் ஓரத்தில் 'அழுத்தமிறக்கம்' என்று பென்சிலால் எழுதிக்கொண்டோம்.