27 நிமிட வெளிச்சம், 1,328 ரூபாய்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மணிமங்கலம் ஏரிக்கரைக்குச் சுமார் 12 கி.மீ. போய், ஊரையும் சுற்றுவட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் 45 கி.மீ. வரும். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் பைக் என்றால் பெட்ரோல் ஒரு லிட்டர், 101 ரூபாய். இட்லி, வடை, டீ 60 ரூபாய். ஆக, கையிலிருந்து போவது 161 ரூபாய்தான். ஆனால் பறவைப் படம் எடுக்கப் போகிறவருக்கு அந்தக் காலையின் முழுச் செலவு 1,328 ரூபாய். மீதி 1,167 ரூபாய் கேமரா பையில் ஒளிந்திருக்கிறது.

பைக்குள் இருக்கும் செலவு

24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சார் பாடியும் ஒரு 100–400 லென்ஸும் சேர்த்து 1,75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்கான ஜிஎஸ்டி 2018 இறுதியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அப்படியும் இந்த விலைக்குள் 26,695 ரூபாய் வரிதான்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் பறவைகள் சேரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை 17 வாரம்; சனி, ஞாயிறு மட்டும் போனால் 34 காலை. மழைக்கும் மேகத்துக்கும் 4 கழித்தால் 30. ஐந்து வருடத்துக்கு 150 காலை. விற்றால் கிடைக்கும் தொகையைச் சேர்க்காமல் பார்த்தால் கணக்கு இப்படி:

கேமரா, லென்ஸ் தேய்மானம் (1,75,000 ÷ 150): 1,167
பெட்ரோல்: 101
சாப்பாடு: 60
மொத்தம்: 1,328 ரூபாய்

இதே ஆள் வருடத்துக்கு 6 காலை மட்டும் போனால் தேய்மானம் 5,833 ஆகிவிடும், மொத்தம் 5,994. பெட்ரோல் விலை ஏறியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலமாரியில் தூங்கும் லென்ஸைப் பற்றிப் பேசுவதில்லை.

வெளிச்சத்தின் அளவு

அடிவானத்திலிருந்து சூரியன் 6 டிகிரி உயரும் வரைதான் படக்காரர்கள் காத்திருக்கும் மஞ்சள் வெயில். மணிமங்கலம் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறும். டிசம்பர் கடைசியில் அந்த 6 டிகிரிக்கு ஆகும் நேரம் 27 நிமிடம். அயர்லாந்தின் டப்ளின் 53 டிகிரியில் இருக்கிறது. அங்கே அதே நாளில் சூரியன் சாய்வாக ஊர்ந்து 6 டிகிரி ஏற 60 நிமிடம். 

நமக்கு 30 காலைக்கு 810 நிமிடம், அதாவது வருடத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம். ஒரு நிமிடத்தின் விலை 49 ரூபாய். ஆறு காலைக்காரருக்கு அதே நிமிடம் 222 ரூபாய்.

இதே வட்டாரத்தில் உள்ள ஒரகடத்தில் 2010-ல் ரெனோவும் நிசானும் கூட்டாகத் திறந்த கார் ஆலையின் ஆண்டுத் திறன் 4,80,000 வண்டிகள். முழுத் திறனில் இரவு பகலாக ஓடினால் இந்த 27 நிமிடத்துக்குள் 25 வண்டிகள் வெளியே வரும். ஷிப்டு பஸ்கள் போகும் சாலைக்கு மிக அருகில்தான் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் இரை தேடுகின்றன. இரண்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர 400 லென்ஸ் வேண்டாம். பாடியோடு வரும் சாதாரண லென்ஸே போதும்.

தூரத்தின் விலை

400 மி.மீ. லென்ஸில் 40 மீட்டர் தொலைவில் படத்தின் அகலம் 3.6 மீட்டர். 28 செ.மீ. நீள வெண்மார்பு மீன்கொத்தி, 6,000 பிக்சல் அகலத்தில் 467 பிக்சல்தான் பிடிக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 4 செ.மீ. 600 லென்ஸுக்கு மாறினால் 700 பிக்சல், 6 செ.மீ. அந்த மாற்றத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டிய செலவு. 150–600 லென்ஸ்களின் எடை 2 கிலோவைத் தொடும். அதே 400 லென்ஸோடு 20 மீட்டருக்கு நெருங்கினால் 933 பிக்சல், 8 செ.மீ. இதற்குச் செலவு பொறுமை மட்டும்: கரையில் அசையாமல் உட்கார்ந்து, பறவை தானாக வரும் வரை இருப்பது.

கூழைக்கடாவுக்கு இந்தக் கவலையே இல்லை. 1.4 மீட்டர் நீளப் பறவை 40 மீட்டரிலேயே 2,333 பிக்சல்; அச்சில் 20 செ.மீ., கிட்டத்தட்ட ஏ4 தாளின் அகலம்.

நெருங்குவதற்கும் எல்லை உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறைப்படி, காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைதான்.

பறக்கும் பறவைக்கு இன்னொரு கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகப் பறவை, நொடியில் 2,000-ல் ஒரு பங்கில் 5.6 மி.மீ. நகரும், 250-ல் ஒரு பங்கில் 4.4 செ.மீ. முன்னது கூர்மை, பின்னது தீற்றல். காலை வெயிலில் எஃப் 8 துவாரத்தோடு 2,000-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்குப் போக ஐஎஸ்ஓ 3200 அளவுக்கு ஏற்ற வேண்டும். படத்தில் மணல் தெளித்த மாதிரி புள்ளிகள் வரும்.

பட எண்ணிக்கை

நொடிக்கு 10 படம் வீதம் பொத்தானை மொத்தம் ஒரே நிமிடம் அழுத்தினாலே 600 படம். ரா கோப்பு 25 எம்பி என்றால் 15 ஜிபி. பருவம் முழுக்க 450 ஜிபி. படத்துக்கு 3 நொடி வீதம் பார்த்துக் கழிக்க 30 நிமிடம், எடுத்த வெளிச்சத்தைவிட 3 நிமிடம் அதிகம். நூற்றுக்கு ஐந்து தேறினால் 30 படம். படத்துக்கு 44 ரூபாய்.

செலவில்லாத பக்கம்

ஏரியில் வெயில் ஏறிவிட்டால் ஊருக்குள் வரலாம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு மணிமங்கலத்தைச் சொல்கிறது. இவ்வூர்க் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1899-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். சாளுக்கியரோடு நடந்த கூடல்சங்கமப் போரைச் சொல்லும் சோழன் வீரராஜேந்திரனின் கல்வெட்டும் அதில் உண்டு.

டிசம்பரில் சூரியன் நேர்க் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும். மதில் மறைக்காத இடத்தில், கிழக்கு மேற்காக நிற்கும் எந்தக் கோயிலின் தென்சுவரையும் அந்த வெயில் 24 டிகிரியில் உரசிப் போகும். 3 மி.மீ. ஆழ எழுத்துக்கு 7 மி.மீ. நிழல் விழும், எழுத்து தானாக எழும்பி நிற்கும். கைப்பேசியே போதும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க மட்டும் அனுமதி வாங்க வேண்டும்.

வாங்குவதா, வாடகைக்கா?

பாடியும் லென்ஸும் நாள் வாடகை 1,500 ரூபாய் என்று கொண்டால், 1,75,000 ரூபாய்க்கு 117 நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஐந்து வருடத்தில் வகுத்தால் வருடத்துக்கு 23 காலை. அதற்குக் குறைவாகப் போகிறவர் வாங்குவது நஷ்டம்.

வேடந்தாங்கல் போகலாமே என்று தோன்றும். தாம்பரத்திலிருந்து போய்வரச் சுமார் 130 கி.மீ., 3 லிட்டர், 300 ரூபாய். பெட்ரோலில் கூடுவது 200 ரூபாய்தான், கெடுப்பது தூக்கம். சூரியன் எழுமுன் அங்கே நிற்க நாலரை மணிக்குள் கிளம்ப வேண்டும். அப்படி வாரம் இரண்டு முறை கிளம்புகிறவர் குறைவு. 12 கி.மீ. தொலைவு ஏரியை ஒருவர் 30 காலை பார்ப்பார். 49 ரூபாய் நிமிடம் 222 ஆகாமல் காப்பது அந்த 12 கி.மீ.