டிராக்டரும் பெட்டியும் ரஸ்தாவில் ஏறுமுன் கவனிக்க வேண்டியவை

அறுவடைக் காலம் வந்ததும் வயலில் வேலை செய்துகொண்டிருந்த டிராக்டர்கள் பெரும்பாலும் ரஸ்தாவுக்கு வந்துவிடுகின்றன. கரும்பு ஆலைக்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்குமாக அவை இரவு பகல் பாராமல் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. வயலுக்குள் ஓடும் வரையில் வண்டியிலுள்ள குறை பெரும்பாலும் அதன் சொந்தக்காரருக்கே நஷ்டம். தார் ரஸ்தாவில் ஏறிய கணம் முதல் அது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் முன்பின் அறியாத ஒருவருடைய உயிரைப் பற்றிய விஷயமாகிவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் நம் நாட்டில் 1914, 1939, 1988 ஆகிய வருஷங்களில் இயற்றப்பட்டது. இப்பொழுது அமலிலிருப்பவை 1988ஆம் வருஷத்துச் சட்டமும் அதன்கீழ் ஏற்பட்ட 1989ஆம் வருஷத்து மத்திய விதிகளுமாம். லாரி, பஸ் முதலியவை புதிதில் 2 வருஷம் கழித்தும், பிறகு 8 வருஷ வயது ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருஷந்தோறும் பரிசோதனைக்குச் சென்று தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்த விவசாயத்துக்கென்று பதிவாகிய டிராக்டருக்கு இந்த நெருக்கடி இல்லை. அதன் பதிவு 15 வருஷம் செல்லும். பின்பு பரிசோதனைக்கு உட்படுத்தி 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். இது குடியானவர்களுக்கு நல்ல சலுகையே. ஆனால் அந்த 15 வருஷ காலத்தில் டயர் எத்தனை முறை தேய்கிறது, பிரேக் எத்தனை முறை தளர்கிறது என்பதை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. ஆதலால் அந்த வண்டிக்கு இன்ஸ்பெக்டர் அதன் சொந்தக்காரரே. வாடகைக்குச் சரக்கேற்றத் தொடங்கினாலோ சலுகை பொருந்தாது. அதற்குரிய பதிவும் தகுதிச் சான்றும் இன்ஷூரன்ஸும் வேறு.

பரிசோதனையை எங்கே தொடங்குவது? என்ஜினில் அன்று, பெட்டியின் பின்புறத்தில். டிராக்டரின் முகப்பு விளக்கை எல்லோரும் கவனித்துக்கொள்கிறார்கள், அஃதில்லாமல் டிரைவருக்கே வழி தெரியாது. பின்விளக்கு அவர் கண்ணிற் படுவதே இல்லை. ஆலை வாயிலில் வரிசையாக நிற்கும் பெட்டிகளைப் பின்னிருந்து பார்த்தால், விளக்கு இருந்த இடத்தில் இரண்டு கம்பி முனைகள் மாத்திரம் தொங்குவதையும், சிவப்புப் பிரதிபலிப்பான் மேல் ஒரு விரற்கடைச் சேறு அப்பியிருப்பதையும் பல வண்டிகளிற் காணலாம்.

பின்புறத்துச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது மத்திய விதி. இத்தூரம் எதற்கென்று கணக்கிட்டுப் பார்ப்போம். பாரம் ஏற்றிய டிராக்டர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்திற் போகிறது. பின்னால் மோட்டார் சைக்கிள் 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் விநாடிக்கு 12½ மீட்டர் குறைந்துகொண்டே வரும். 155 மீட்டரில் விளக்கைக் கண்டவருக்கு 12 விநாடி அவகாசம் உண்டு. விளக்கில்லாத கரும்புப் பெட்டி, அவருடைய மங்கலான வெளிச்சத்தில் 25 மீட்டருக்கு வந்த பின்பே தெரியுமானால், அவருக்குக் கிடைப்பது 2 விநாடி. அதில் ஏறக்குறைய ஒரு விநாடி, எதிரே இருப்பது இன்னதென்று மனம் தெளிவதற்கே போய்விடும். பெட்டி நின்றுகொண்டிருந்தாலோ 2 விநாடியும் இல்லை, ஒன்றரைதான்.

மின்விளக்கு எந்நேரமும் அறுந்துபோகக்கூடியது. ஆகையால் பிரதிபலிப்பானை அற்பமாக எண்ணலாகாது. பெட்டி உட்பட ஒவ்வொரு வண்டியின் பின்புறத்திலும் இரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருத்தல் வேண்டும். இதன் உட்புறம் மிகச் சிறிய மூலைகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. மூலையில் விழும் வெளிச்சம் மூன்று முகங்களிலும் பட்டுத் திரும்பி, வந்த திசையிலேயே செல்லும். ஆகவே பின்னால் வருபவர் விளக்கின் ஒளி அவர் கண்ணுக்கே திரும்பிப் போகிறது. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை, கம்பி வேண்டுவதில்லை. ஆனால் ஒளி புகுந்து வெளிவர வேண்டுமாதலால், சேறு படிந்தால் இது வெறும் பிளாஸ்டிக் துண்டே. வாய்க்காலைத் தாண்டி ரஸ்தாவில் ஏறும் இடத்தில் ஈரத்துணியால் ஒரு முறை துடைப்பதற்கு அரை நிமிஷம் ஆகும். பிரதிபலிக்கும் ஒட்டுப்பட்டையைப் பெட்டியின் பின்கதவின் அகலம் முழுவதும் ஒட்டிவிட்டால், பின்னால் வருபவர்க்கு வண்டியின் அகலமும் விளங்கும்.

கரும்பு ஏற்றுகிறவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தோகையுடன் கூடிய பாரம் பெட்டிக்குப் பின்னால் நீண்டு தொங்கி, விளக்கு, பிரதிபலிப்பான் ஆகிய யாவற்றையும் மூடிவிடுகிறது. பாரத்தின் நுனியிற் கட்டும் சிவப்புத் துணி பகலுக்குத்தான் உதவும். பெட்டிக்கு வெளியே நீளாமல் ஏற்றுவதே முறை. அதில் தவறியிருந்தால், இருட்டு முன்னரே வண்டியை ஓரங்கட்டிப் பாரத்தைக் குறைத்த பிறகே புறப்பட வேண்டும்.

இராத்திரி உழவுக்காக மட்கார்டின் பின்னால் வைத்திருக்கும் வெள்ளை விளக்கை ரஸ்தாவிலும் எரியவிட்டுச் செல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வெளிச்சம் இருப்பது நல்லதுதானே என்பது அவர்கள் எண்ணம். பின்னால் வருபவரோ, வெள்ளை விளக்கைக் கண்டு எதிரே வண்டி வருகிறதென மயங்கி விலகப் பார்ப்பார், கண்ணும் கூசும். வரப்பைத் தாண்டும்போதே அதை அணைத்துவிடுக.

இனி, பிரேக். வயல் மூலையில் திருப்புவதற்கு வசதியாக டிராக்டருக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. ரஸ்தாவில் ஏறுமுன் இரண்டையும் சேர்த்துக் கொண்டி போட வேண்டும். கொண்டி போடாமல் அவசரத்தில் ஒன்றை மாத்திரம் மிதித்தால், அந்தப் பக்கத்துச் சக்கரம் நிற்க, டிராக்டர் அப்பக்கமாகச் சுழலும். பின்னாலுள்ள பாரம் அதைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். கொண்டி உடைந்திருந்தால் அன்றே மாற்றுக. கொண்டி போட்டு, காய்ந்த சமதரையில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்த்தால், இரண்டு டயரும் ஒரே அளவாகத் தேய்ந்து நின்ற அடையாளம் தெரிய வேண்டும். ஏரிக்கரை இறக்கத்தில் டீசல் மிச்சமாகுமென்று கிளட்சை அமுக்கியோ நியூட்ரலிலோ விடுவது பெருந்தவறு. பெட்டிக்குத் தனி பிரேக் இல்லாதபோது என்ஜின் பிடிப்புத்தான் அதை அடக்குவது. இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்க.

பெட்டியை மாட்டும் கொக்கியில் உரிய முளையும் அது கழலாமலிருக்கக் கிளிப்பும் இருக்க வேண்டும். பழைய போல்ட்டைச் செருகி ஓட்டுவது கூடாது. சேற்றில் புதைந்த பெட்டியை இழுக்கும்போது சங்கிலியை உயரமான இடத்தில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பின்புறமாக மறிவதற்கு ஒன்றரை விநாடி போதும், குதித்துத் தப்ப நேரமிராது. ஸ்வீடன் தேசத்தில் 1959ஆம் வருஷம் முதல் புது டிராக்டர்களுக்கெல்லாம் டிரைவரைச் சுற்றி இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. டிராக்டர் கவிழ்ந்து சாவது அங்கே பின்னர் வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் பக்கத்து வண்டிகள் பலவற்றில் அச்சட்டம் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் பாட்டுப் பெட்டியை விசாரிப்பதற்கு முன் இதை விசாரிக்கலாம்.

மட்கார்டின் மேல் ஆள் உட்காருவதையும், நெல் மூட்டையின் மேல் கூலியாட்களை ஏற்றி வருவதையும் நிறுத்த வேண்டும். சேற்றுழவுக்கான கேஜ் வீலுடன் தார் ரஸ்தாவில் ஏறினால் ரஸ்தாவும் பாழாகும், பிடிப்பும் இராது.

கிராம அதிகாரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்திலும் கரும்பு எடை மேடையிலும் வண்டிகள் மணிக்கணக்கில் காத்து நிற்கின்றன. அப்பொழுது ஒரு டார்ச் விளக்குடன் வரிசையின் பின்புறமாக நடந்து, ஒளி திரும்பாத பெட்டிகளின் சொந்தக்காரர்களை அங்கேயே அழைத்துச் சொன்னால், அபராதத்தைக் காட்டிலும் விரைவில் பலன் தெரியும். ஒட்டுப்பட்டைச் சுருள் ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்திருப்பதும் நலம்.

வழியில் வண்டி பழுதாகி நின்றால், ரஸ்தாவை விட்டு மண்ணோரத்துக்குத் தள்ளி, பின்னால் ஓர் ஆளைச் சற்றுத் தூரத்தில் விளக்குடன் நிறுத்துக. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கருங்கல்லைப் புறப்படும்போது எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டே செல்ல வேண்டும்; கல்லை நடு ரஸ்தாவில் விட்டுப் போகும் வழக்கத்தால், வண்டி போன பின்பும் அவ்விடத்தில் விபத்து நேரிடுகிறது.