மார்க்கு இருந்தும் நழுவும் இடங்கள்

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதத்தில், தமிழ்நாட்டின் எந்தத் தாலுகா ஊருக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். இ-சேவை மையத்தின் வாசலில் பிள்ளைகளும் தகப்பனார்களும் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, பத்தாம் வகுப்பு மார்க்குப் பட்டியல். ஒருவருக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இன்னொருவருக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வரிசையில் நிற்பவர்களில் பலர், தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதிக்கப் போகிறவர்கள். நன்றாகப் படித்து நல்ல மார்க்கும் வாங்கியவர்கள். அப்படியும் இடம் கை நழுவுகிறதென்றால், கோளாறு படிப்பில் இல்லை. படிப்புக்கு வெளியே உள்ள சில்லறைக் காரியங்களில் இருக்கிறது. இவற்றையெல்லாம் பரீட்சைக்கு முன்பே முடித்து வைக்கலாம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

உண்மையில் காலேஜ் யோசனை பிளஸ் டூவில் தொடங்குவதே தாமதம்தான். பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவு என்று எழுதிக் கொடுக்கும்போதே பாதி வழி தீர்மானமாகிவிடுகிறது. கணக்கில்லாமல் பொறியியல் கல்லூரிப் பக்கம் போக இயலாது. உயிரியல் இல்லாமல் டாக்டர் படிப்பை நினைக்க முடியாது. 1978க்கு முன்பு பள்ளிக்கூடப் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்தது. பிறகு காலேஜிலேயே ஓராண்டு பி.யு.சி. படித்தார்கள். காலேஜ் என்றால் என்ன, அங்கே என்னென்ன படிப்பு உண்டு என்று கண்ணால் பார்த்துப் பழக அந்த ஓர் ஆண்டு உதவிற்று. இப்போது அந்தத் தீர்மானத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளை, காலேஜையே பாராமல் செய்ய வேண்டியிருக்கிறது!

பெயரில் ஓர் எழுத்து

காகிதங்களில் முதலில் பார்க்க வேண்டியது பெயர். ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளிப் பதிவேட்டில் வேறு விதமாகவும் பெயர் இருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால் வரும். மற்றொன்றில் பின்னால் வரும். வேறொன்றில் அடியோடு இராது. பொதுத் தேர்வுக்கு முன்பு ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பெயர்ப் பட்டியல் தயாரிப்பார்கள். நாமினல் ரோல் என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். பெயரையும் பிறந்த தேதியையும் திருத்தச் சௌகரியமான சமயம் அது. அச்சாகி வந்த மார்க்குப் பட்டியலில் ஓர் எழுத்தைத் திருத்துவதென்றால் அலைச்சல்தான்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்குத் தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ஆனால், சான்றிதழைச் சேர்க்காத விண்ணப்பம் பொதுப் பிரிவில்தான் நிற்கும். மத்திய அரசின் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு மாநிலச் சான்றிதழ் மட்டும் செல்லாது. திருச்சி என்.ஐ.டி.யில் சேரும் ஆசை இருந்தால், ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக, அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக வைத்திருக்க வேண்டும். ஏப்ரலில் விண்ணப்பித்தால் ஜூனுக்குள் கையில் இருக்கும். ஜூனில் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் பட்டதாரிச் சான்றிதழின் அருமையும் பலருக்குத் தெரிவதில்லை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், அரசின் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை தரும் ஏற்பாடு 2010இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடம் மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 2021 முதலும் ஒதுக்கப்பட்டது. இதில் ஒரு சிக்கல். எட்டாவது வரை கிராமத்துப் பள்ளி, பிறகு டவுன் பள்ளி என்று மாறியவர், இரண்டு இடத்திலும் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் கிராமத்துப் பள்ளியின் தலைமையாசிரியரைத் தேடி அலைவதைவிட, ஜனவரியில் ஒரு நாள் போய்க் கையெழுத்து வாங்கி வருவது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, சிறியது போலத் தோன்றும், சிறியதல்ல. விண்ணப்பத்தில் கொடுக்கும் கைப்பேசி எண் வீட்டாருடைய எண்ணாக இருக்க வேண்டும். அவசரத்தில் மையத்துக்காரருடைய எண்ணையே போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரகசிய எண்ணும் அறிவிப்பும் அவருக்குத்தான் போகும். அவரிடம் அப்படி எத்தனை பிள்ளைகளோ!

கணக்குக்கு இரட்டைப் பலன்

பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து கைவிடப்பட்டது. பிளஸ் டூ மார்க்கைக் கொண்டே தர வரிசை. கணக்கு 100, பௌதிகம் 50, ரசாயனம் 50, ஆக 200க்கு எடுப்பது கட்-ஆப். ஒரு மாணவி கணக்கில் 96, பௌதிகத்தில் 92, ரசாயனத்தில் 94 வாங்கினால் அவளுடைய கட்-ஆப் 189. அவளுடைய அண்டை வீட்டுப் பையன் கணக்கில் 90, மற்ற இரண்டிலும் 98 வாங்கினால் அவனுக்கு 188. மூன்று பாடத்தையும் கூட்டினால் அவனுக்குத்தான் நாலு மார்க்கு அதிகம். ஆனாலும் வரிசையில் அவள்தான் முன்னால். எங்கே உழைத்தால் எவ்வளவு பலன் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிந்திருப்பது நல்லதல்லவா? கால்நடை மருத்துவத்துக்கு இதே 200இல் பாதி உயிரியலுக்குப் போகிறது. டாக்டர் படிப்புக்கோ 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வுதான் கணக்கு.

பட்டியலில் இருக்கிறது சூட்சுமம்

2018க்கு முன்பு பொறியியல் கலந்தாய்வு என்றால் பிள்ளையும் பெற்றோரும் சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்பதைப் பார்த்து அங்கேயே தேர்ந்தெடுப்பார்கள். 2018இல் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. பயணச் செலவு மிச்சம். ஆனால், எது காலி என்று தெரியாமலே விருப்பப் பட்டியலை முன்கூட்டி எழுத வேண்டியதாயிற்று. மார்க்கு வாங்கிய பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கம்ப்யூட்டர் செய்வது எளிய காரியம். தர வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் எது காலியாக இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே கிடைப்பதற்கரிய கல்லூரியை முதலில் எழுதினால் வாய்ப்பு வீணாகும் என்று ஊரில் உலவும் பேச்சுக்கு ஆதாரமே இல்லை. அது கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் சுலபமாகக் கிடைப்பதை மேலே எழுதி, ஆசைப்பட்டதைக் கீழே எழுதினால், ஆசைப்பட்டது காலியாக இருந்தாலும் கிடைக்காது! ஐந்தாறு கல்லூரியோடு பட்டியலை முடிப்பதும் ஆபத்து. ஐந்தும் நிரம்பிவிட்டால், மார்க்கு இருந்தும் அந்தச் சுற்றில் கை வெறுங்கையாகிவிடும். முந்தின ஆண்டுகளில் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆப்போடு நிரம்பிற்று என்பது வெளியாகியிருக்கிறது. அதை வைத்து மேலே சில, நடுவே பல, கீழே சில என்று எழுத வேண்டும். கல்லூரியின் பெயரை நம்பாமல் எண்ணைப் பார்த்து எழுதுவது அவசியம். ஒரே தெய்வத்தின் பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கும் நாடு இது!

பெண் பிள்ளைகளின் பட்டியலில் வேறொரு தொல்லை உண்டு. இடம் கிடைத்த பிறகு, "அவ்வளவு தூரமா? ஹாஸ்டலா? வேண்டாம்" என்று வீட்டில் ஒரு குரல் எழும். வேண்டாமென்ற இடம் வேறொருவருக்குப் போய்விடும்; பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். எந்த ஊர்வரை அனுப்பலாம், ஹாஸ்டலுக்கு என்ன செலவாகும் என்ற பேச்சைப் பட்டியல் எழுதுவதற்கு முன்பே பேசித் தீர்ப்பதுதான் தகப்பனாருக்கு அழகு. 2022இல் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியிலிருந்து காலேஜுக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கின. பஸ் செலவுக்குக் கை நீட்டத் தயங்கும் பெண்ணுக்கு அது சிறு தொகையல்ல.

இடம் ஒதுக்கியதும் ஓரிரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். "இதுவே போதும்" எனலாம். "இதை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள்" எனலாம். "இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் போதும்" என்றும் சொல்லலாம். கடைசியாகச் சொன்னது சூதாட்டத்துக்கு அடுத்த வீடு. கைப்பேசியைப் பாராமல் சும்மா இருந்தாலும் இடம் போய்விடும்.

பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறியவர்களும் உடனே மனம் உடைய வேண்டியதில்லை. துணைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கென்று பொறியியலில் துணைக் கலந்தாய்வு தனியே நடப்பது வழக்கம்.

கல்லூரியில் சேரப் போகும் நாளில் எல்லாச் சான்றிதழ்களுக்கும் ஐந்தாறு நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அசலைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு எழுதி வைத்திருக்கிறது. ஆபீஸில் யாராவது அசலைக் கேட்டு வாங்கிப் பீரோவில் வைத்தால், அதைப் பணிவோடு எடுத்துச் சொல்லிக் கேட்டு வாங்கி வரலாம்.