நதியின் பெயர் சூடிய வானொலிகள்

பிரிட்டனில் வணிக வானொலி சட்டப்படி கால் ஊன்றியது 1973 அக்டோபர் 8 அன்று. லண்டனில் எல்.பி.சி. என்ற செய்தி நிலையம் அன்று பேச ஆரம்பித்தது. அடுத்த வாரமே அதே நகரில் கேப்பிடல் ரேடியோ பாட வந்தது. அதுவரை அந்நாட்டில் உள்நாட்டு வானொலி என்றால் பி.பி.சி.தான். வேறு சுவை தேடியவர்கள் இரவில் லக்ஸம்பர்க் நிலையத்தைத் துழாவிப் பிடித்தார்கள். 1964 முதல் கடலில் கப்பலை நிறுத்திப் பாட்டுப் போட்ட ரேடியோ கரோலின் போன்ற ‘கடற்கொள்ளை’ நிலையங்களையும் கேட்டார்கள். 1967இல் வந்த சட்டம் பெரும்பாலான கப்பல்களின் வாயை அடைத்தது. ஆனால் பாட்டும் விளம்பரமும் கலந்து கேட்டுப் பழகிய காதுகளை என்ன செய்ய முடியும்? 1972இன் ஒலிபரப்புச் சட்டம் வணிக வானொலிக்குக் கதவைத் திறந்தது.

ஆனால் ஊருக்கு ஊர் தனி நிலையம் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. 1976க்குள் 19 நிலையங்கள் எழுந்தன. பல நிலையங்கள் ஊரின் நதியையே பெயராகச் சூடிக்கொண்டன: கிளாஸ்கோவில் கிளைடு, நாட்டிங்ஹாமில் டிரென்ட், இப்ஸ்விச்சில் ஆர்வெல். துறைமுக நகரமான போர்ட்ஸ்மத், கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல் பெயரான ‘விக்டரி’யை எடுத்துக்கொண்டது.

இந்த நிலையங்களைப் பற்றி இன்று ஏக்கத்தோடு பேசுபவர்கள் அறிவிப்பாளர்களின் குரலையும் நிலையப் பெயரைப் பாடும் துண்டு மெட்டுகளையும் நினைவுகூர்கிறார்கள். அந்த நெருக்கத்துக்குப் பின்னால் கறாரான விதிகள் இருந்ததை யாரும் அதிகம் சொல்வதில்லை. கோபுரங்களும் ஒலிபரப்புக் கருவிகளும் சுயேச்சை ஒலிபரப்பு ஆணையத்தின் சொத்து; நிலையங்கள் அவற்றுக்கு வாடகை கட்டின. விளம்பரம் மணிக்கு 9 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உள்ளூர்ச் செய்தி, சமயம், முதியோருக்கும் சிறுவருக்குமான நிகழ்ச்சிகள் எல்லாம் இருந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது இசைத்தட்டு விதி. தட்டுகளை ஓயாமல் சுழலவிட்டால் இசைக் கலைஞர்களின் பிழைப்பு கெடும் என்று, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் அவற்றை ஒலிபரப்பத் தடை இருந்தது. மிச்ச நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது? ஊரைக் கொண்டுதான். நேயர்கள் தொலைபேசியில் வந்து நகரசபையைத் திட்டினார்கள், சமையல் குறிப்புச் சொன்னார்கள், காதல் தோல்விக்கு ஆலோசனை கேட்டார்கள். காணாமல் போன நாயின் நிறமும் கழுத்துப்பட்டையும் காற்றில் அறிவிக்கப்பட்டன. பனி கொட்டிய காலைகளில் அறிவிப்பாளர் மூடப்பட்ட பள்ளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். தம் பள்ளியின் பெயர் வருமா என்று பிள்ளைகள் வானொலிப் பெட்டியை விட்டு நகர மாட்டார்கள். அந்தத் தலைமுறையின் நினைவுகளில் தவறாமல் இடம்பெறுவது இந்தப் பட்டியல்தான். விதியின் கட்டாயத்தால் வந்த பேச்சே நிலையங்களின் அடையாளமாகிப் போனது.

பெரிய நகரங்களில் பகட்டும் இருந்தது. சாலை நெரிசலை விமானத்திலிருந்து பார்த்துச் சொல்லும் ‘பறக்கும் கண்’ கேப்பிடலின் பெருமை. அங்கே அறிவிப்பாளர் கென்னி எவரெட் தன் கற்பனையில் பிறந்த பாத்திரங்களுக்கெல்லாம் தானே குரல் கொடுத்துக் கூத்தடித்தார். குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்ஸடி’ வெளிவரும் முன்பே, 1975இல் ஒரே வார இறுதியில் அதை அவர் 14 முறை போட்டார் என்பது வானொலி உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மற்ற ஊர்களின் சுவை வேறு. கிளைடுக்குக் கால்பந்துதான் உயிர். ஸ்வான்சீ சவுண்ட் ஆங்கிலத்தோடு வேல்ஸ் மொழியிலும் பேசியது. வட அயர்லாந்தின் டவுன்டவுன் ரேடியோ, குண்டுவெடிப்புச் செய்திகளுக்கு நடுவிலும் அமெரிக்க நாட்டுப்புற இசையை விடாமல் ஒலிபரப்பியது.

எல்லாமே இனித்தது என்று சொல்ல முடியாது. கம்பளக் கடை, பழைய கார் வியாபாரி விளம்பரங்களில் பல சகிக்க முடியாதவை. பணமும் எளிதில் வரவில்லை; லெஸ்டரின் சென்டர் ரேடியோ தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1983இல், மூடப்பட்டது.

மாற்றம் 1980களின் இறுதியில் தொடங்கியது. அதுவரை மத்திய அலையிலும் பண்பலையிலும் ஒரே நிகழ்ச்சிதான் வந்தது. இரண்டிலும் தனித்தனி நிகழ்ச்சி தராவிட்டால் ஒன்றை இழக்க நேரிடும் என்று நெருக்கடி வந்ததும், மத்திய அலை பழைய பாடல்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. இசைத்தட்டு வரம்பும் போனது. 1990இன் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்த, 1994இல் பல நகரங்களைச் சேர்த்து வளைக்கும் வட்டார நிலையங்கள் வந்தன. பிறகு நடந்தது கைமாற்றப் படலம். குளோபல் என்ற நிறுவனம் வாங்கிச் சேர்த்த உள்ளூர் நிலையங்களில் பல 2009இல் ‘ஹார்ட்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் கரைந்தன. டிரென்ட் 2011இல் ‘கேப்பிடல்’ ஆனது. பண்பலை நிலையங்கள் வார நாள்களில் பகலில் 7 மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி தர வேண்டும் என்றிருந்த விதியை, 2018இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 3 மணி நேரமாகக் குறைத்தது. மறு ஆண்டே ஹார்ட்டின் காலை நிகழ்ச்சியும் லண்டனிலிருந்து எல்லா ஊர்களுக்கும் பொதுவாக வரத் தொடங்கியது. உள்ளூர்த்தன்மையைக் கட்டிக் காத்தது விதிதான் என்பது அது தளர்ந்த வேகத்திலேயே தெரிந்தது.

எல்.பி.சி.யின் பழைய ஒலிநாடாக்களைப் போர்ன்மத் பல்கலைக்கழகம் எண்மமாக்கி வைத்திருக்கிறது. மற்ற நிலையங்களின் ஒலி பெரும்பாலும் நேயர்கள் வீட்டில் பதிந்த கேசட்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. ஸ்வான்சீ சவுண்ட் என்ற பெயர் 2020 செப்டம்பரில் மறைந்து, அதே அலைவரிசையில் நாடு தழுவிய பெயரொன்று ஏறியது. அதன் பழைய அறிவிப்பாளர்கள் சிலர் ஒதுங்கிவிடவில்லை. ‘ஸ்வான்சீ பே ரேடியோ’ என்ற நிலையத்தின் வழியே, ஊர்ப் பெயரோடு டிஜிட்டல் ஒலிபரப்பில் நுழைந்தார்கள்.