2 லட்ச ரூபாய் கிட்டார் ரிக்: உங்க ஒரு மணி நேர வாசிப்புக்கு எவ்வளவு செலவாகுது?



"மாசம் 45 ஆயிரம் சம்பளம். வார இறுதியில கஃபேல கிட்டார் வாசிக்கிறேன். 2 லட்சத்துக்கு ஒரு நல்ல ரிக் போடணும். பர்சனல் லோன் எடுக்கலாமா?"

இந்த மாதிரி கேள்வி இப்போ அடிக்கடி வருது. "வேண்டாம்"னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசைன்னு தெரியும். ஆசையைக் குறை சொல்றது நம்ம வேலை இல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கிறதுதான் நம்ம வேலை. பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

ரிக் என்றால் என்ன?

கிட்டாரிஸ்ட் வாசிக்கிற மொத்த ஏற்பாட்டுக்கும் ரிக்னு பேர். கிட்டார்ல தொடங்குற சிக்னல் கேபிள் வழியா பெடல்களுக்குள்ள போய், கடைசியில ஆம்ப்ளிஃபயர்ல சத்தமா வெளிய வருது. பெடல்னா காலால மிதிச்சு ஆன், ஆஃப் பண்ற சின்னப் பெட்டி. ஒண்ணு சத்தத்தைக் கரகரப்பாக்கும் (டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ்). ஒண்ணு எதிரொலி கொடுக்கும் (டிலே). இன்னொண்ணு பெரிய மண்டபத்துல வாசிக்கிற மாதிரி காட்டும் (ரிவெர்ப்).

பிரச்சனை ஆரம்பிக்கிறது இந்தப் பெடல்லதான். கிட்டார் வாங்கும்போது ஆறு மாசம் யோசிப்போம். பெடல் ஒவ்வொண்ணும் 8 ஆயிரம், 12 ஆயிரம்னு சின்னத் தொகையா இருக்கிறதால யோசிக்காமலே வாங்கிடுவோம். இதுக்கு கிட்டார் உலகத்துல கிண்டலா ஒரு பேரே இருக்கு: கியர் அக்விசிஷன் சிண்ட்ரோம். சுருக்கமா 'கேஸ்'. அதாவது, கருவி வாங்கிக் குவிக்கிற வியாதி.

8 பவுண்டு கிட்டார்

குயீன் இசைக்குழுவோட பிரையன் மே பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1963-ல அவருக்கு வயசு 16. ஃபெண்டரோ கிப்சனோ வாங்க வீட்டுல வசதி இல்ல. அதனால அப்பா ஹெரால்டும் அவரும் சேர்ந்து வீட்டுலயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆரம்பிச்சாங்க.

கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு மேல இருந்த மரச்சட்டம். உடம்போட நடுப்பகுதிக்குப் பழைய ஓக் மேஜை. டிரெமொலோவுக்கு பழைய மோட்டார் சைக்கிளோட வால்வ் ஸ்பிரிங். டிரெமொலோ கைப்பிடி நுனிக்கு அம்மாவோட பின்னல் ஊசி. விரல் பலகையில இருக்கிற புள்ளிகள் அம்மாவோட தையல் பெட்டியில இருந்த முத்துச்சிப்பி பட்டன்கள். மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டுன்னு சொல்லுவாங்க.

எல்லாத்தையும் ஓசியில முடிக்கலைங்கிறதையும் கவனிங்க. பிக்கப்தான் கம்பியோட அதிர்வை மின்சார சிக்னலா மாத்துற பாகம். முதல்ல அதையும் அவரே செஞ்சு பார்த்தார், திருப்தி இல்ல. உடனே பர்ன்ஸ் கம்பெனியோட டிரை-சோனிக் பிக்கப் மூணு காசு கொடுத்து வாங்கினார். எங்க செலவு பண்ணா சத்தம் மாறுமோ, அங்க மட்டும் செலவு. மூணு பிக்கப்புக்கும் தனித்தனி ஆன்-ஆஃப் சுவிட்ச், தனித்தனி ஃபேஸ் சுவிட்ச் வச்சதால, பல விதமான டோன் கிட்டார்லயே கிடைச்சது. ஒரு டிரெபிள் பூஸ்டர், வாக்ஸ் ஏசி30 ஆம்ப், கையில பிளெக்ட்ரத்துக்குப் பதிலா ஆறு பென்ஸ் காசு. அவரோட அடிப்படை ரிக் இவ்வளவுதான்.

இன்னொரு கருவியும் உண்டு. குயீனோட பாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் டீக்கன் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். குப்பைத் தொட்டியில கிடைச்ச ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள்ள வச்சு, 9 வோல்ட் பேட்டரியில ஓடுற சின்ன ஆம்ப் ஒண்ணு செஞ்சார். அதுல வால்யூம் திருகு கூட கிடையாது. 'டீக்கி ஆம்ப்'னு பேர். 1975-ல வந்த 'குட் கம்பெனி' பாட்டுல ஜாஸ் பேண்டு மாதிரி கேட்கிற அத்தனை சத்தமும் அந்த ஆம்ப் வழியா பிரையன் மே கிட்டார்ல வாசிச்சது.

பின்னாடி ஸ்டேடியத்துல வாசிக்கும்போது அவருக்குப் பின்னாடி ஏசி30 ஆம்புகள் வரிசையா அடுக்கி இருந்தது. அதுவும் சரியான கணக்குதான். வருமானம் வர்ற இடத்துக்குத் தேவைப்பட்டது, வாங்கினார்.

ஒரு மணி நேரக் கணக்கு

இப்போ நம்ம 2 லட்ச ரிக்குக்கு வருவோம். பிரிச்சு எழுதினா இப்படி இருக்கும்னு வச்சுக்குவோம்:

- கிட்டார்: ரூ.60,000
- பெடல் ஆறு (சராசரி 12,000): ரூ.72,000
- பெடல்போர்டு, பவர் சப்ளை, கேபிள்: ரூ.18,000
- ஆம்ப்: ரூ.50,000

வாரத்துக்கு சுமார் 5 மணி நேரம், வருஷத்துக்கு 250 மணி நேரம், 5 வருஷத்துக்கு 1,250 மணி நேரம் வாசிக்கிறீங்க. இனி ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: வாங்கின விலையில இருந்து விக்கிற விலையைக் கழிச்சு, பராமரிப்பைக் கூட்டி, வாசிச்ச நேரத்தால வகுத்தா என்ன வருது? விக்கிற விலை எல்லாம் நான் வச்சுக்கிட்ட அனுமானம். உங்க ஊர் நிலவரத்தைப் போட்டுப் பாருங்க.

கிட்டார்: 5 வருஷம் கழிச்சு 35,000-க்குப் போனா நஷ்டம் 25,000. கம்பி மாத்துறது, சர்வீஸ் எல்லாம் வருஷத்துக்கு 3,000 வீதம் 15,000. மொத்தம் 40,000. மணிக்கு ரூ.32.

தினமும் மிதிக்கிற ஓவர்டிரைவ் பெடல்: 12,000-க்கு வாங்கி 7,000-க்கு வித்தா நஷ்டம் 5,000. வாசிக்கிற நேரத்துல பாதி, 600 மணி நேரம் ஆன்ல இருக்கு. மணிக்கு ரூ.8 கூட வீண் இல்ல.

யூடியூப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கின ஃபிளாஞ்சர் பெடல்: அதே விலை, அதே நஷ்டம். ஆனா 5 வருஷத்துல மொத்தமே 20 மணி நேரம். மணிக்கு ரூ.250.

பெரிய ஆம்ப்: 28,000-க்கு வித்தா நஷ்டம் 22,000. ஃபிளாட்ல சத்தமா வைக்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆக ஷோவுக்கு மட்டும்தான். வருஷத்துக்கு 30 மணி நேரம், 5 வருஷத்துக்கு 150. மணிக்கு சுமார் ரூ.147.

ஆம்ப் வாட் பற்றி ஒரு வார்த்தை. 30 வாட் ஆம்ப் 15 வாட் ஆம்பை விட ரெண்டு மடங்கு சத்தமா கேட்கும்னு நினைச்சு காசு கொடுக்காதீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா பத்து மடங்கு வாட் வேணும். வீட்டுல பழகறதுக்கு 5 வாட்டே அதிகம். பல கஃபேல சிக்னலை நேரா மிக்ஸர்லயே கொடுத்துடலாம்.

ரிக்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி

2 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 6,836 ரூபாய். மொத்தம் கட்டறது 2,46,000 சொச்சம். வட்டி மட்டும் 46 ஆயிரம்.

அந்த 46 ஆயிரத்தை 1,250 மணி நேரத்தால வகுங்க. மணிக்கு கிட்டத்தட்ட 37 ரூபாய். கிட்டாருக்கு மணிக்கு 32 தானே? அப்போ கிட்டாரை விட அதுக்கு வாங்கின கடனோட வட்டி அதிகம்! எந்தச் சத்தமும் போடாம உங்க பெடல்போர்டுல உட்கார்ந்திருக்கிற ஏழாவது பெடல் அது.

இன்னொரு விதமா பாருங்க. ஒரு ஷோவுக்கு 2,500 கிடைக்குதுன்னா, மாசத்துல முதல் மூணு ஷோ பேங்குக்காகத்தான் வாசிக்கிறீங்க. ஒரு மாசம் கை வலிச்சு ஷோ இல்லாமப் போனாலும் இ.எம்.ஐ. நிக்காது.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கே?" இருக்கு. கிரெடிட் கார்டுல அதை எடுத்தா, பேங்க் வட்டி போடும், கடைக்காரர் அதே அளவு தள்ளுபடி கொடுப்பார். ஆனா அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் ரெண்டும் உங்க தலையில. முழுப் பணம் கட்டினா வேற தள்ளுபடி கிடைக்குமான்னு முதல்ல கேட்டுப் பாருங்க.

அதே 6,836 ரூபாயை மாசாமாசம் ஒரு ஆர்.டி.ல போடுங்க. ஆறாவது மாசம் 25 ஆயிரத்துக்கு ஒரு கிட்டார், 10 ஆயிரத்துக்கு ஒரு சின்ன ஆம்ப் கையில. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு பெடல்னு வாங்கினா கூட பணம் மிஞ்சும். இதுல இன்னொரு லாபமும் இருக்கு: முதல் பெடலோட ரெண்டு மாசம் வாசிச்ச பிறகு, அடுத்தது எது வேணும்னு உங்க காதே சொல்லும். பாதிப் பேருக்கு மூணாவது பெடலே தேவைப்படாது.

"கிட்டார் ஒரு முதலீடு சார்!"

இந்த வாதத்துக்கு ரெண்டு உதாரணம் எப்பவும் வரும்.

ஒண்ணு, பிங்க் ஃபிளாய்டு டேவிட் கில்மோரோட கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1970-ல நியூயார்க் கடையில வாங்கினது, 2019-ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 39.75 லட்சம் டாலருக்குப் போச்சு. உண்மை. ஆனா விலை போனது மரத்துக்கு இல்ல, கில்மோர் அதுல வாசிச்சதுக்கு. அவரே அந்தக் கிட்டாரோட கழுத்து, பிக்கப், பிரிட்ஜ் எல்லாத்தையும் பல தடவை மாத்தினவர். முதலீடா நினைச்சு கண்ணாடிப் பெட்டியில வைக்கல. ஏலப் பணத்தையும் சுற்றுச்சூழல் அறக்கட்டளைக்குக் கொடுத்துட்டார்.

ரெண்டாவது, கிளான் சென்டார் பெடல். அமெரிக்காவுல பில் ஃபினகன் 1990-கள்ல தயாரிக்க ஆரம்பிச்சார். மொத்தம் சுமார் 8,000 பெடல்தான். சில நூறு டாலருக்கு வித்தது இன்னைக்கு ஆயிரக்கணக்கான டாலர். ஆனா இன்னொரு பெடலைப் பாருங்க: பாஸ் டிஎஸ்-1. 1978-ல வந்தது, இன்னும் தயாரிப்புல இருக்கு. கர்ட் கோபேனும் ஸ்டீவ் வையும் பயன்படுத்தினது. புகழுக்குக் குறைவில்ல, ஆனா எந்தக் கடையிலயும் புதுசாவே கிடைக்கும். அதனால பழசுக்குப் பெரிய விலை இல்ல. அருமையா கிடைக்கிறது விலை ஏறும். எல்லா இடத்துலயும் கிடைக்கிறது ஏறாது. நீங்க வாங்கப் போறது பெரும்பாலும் ரெண்டாவது வகை.

டிஜிட்டல் மல்டி-எஃபெக்ட்ஸ் கருவி இன்னும் வேகமா இறங்கும். போன் மாதிரி, அடுத்த மாடல் வந்தா பழசுக்கு மதிப்பு போயிடும். ஆனா ஆறு பெடல் வேலையை ஒரே பெட்டி செய்யும்கிறதால, வித்துக் காசு பாக்க நினைக்காம வாசிச்சுத் தேய்க்கிறவருக்கு அது லாபம்.

வாசிச்சு சம்பாதிக்கிறீங்களா? வரிக் கணக்கு இது

- ஷோ, ரெக்கார்டிங், வகுப்பு வருமானம் ரொக்கமா வந்தாலும் ரிட்டர்ன்ல காட்டணும். டி.டி.எஸ். பிடிச்சிருந்தா ஏ.ஐ.எஸ்.ல சரிபாருங்க, நிறைய பேர் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கிறதே இல்ல.
- கிட்டார், ஆம்ப் எல்லாம் சொத்து. முழு விலையையும் ஒரே வருஷம் செலவா எழுத முடியாது. பொதுவா 15% தேய்மானம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுல பாதி.
- கம்பி, ரிப்பேர், ஷோவுக்கு ஆட்டோ செலவு எல்லாம் அந்த வருஷச் செலவு. பில்லை வச்சிருங்க.
- உத்தேச வருமானத் திட்டத்துல ரிட்டர்ன் போட்டா, தேய்மானத்தைத் தனியா கேட்க முடியாது.
- பொழுதுபோக்குக்கு மட்டும் வாசிக்கிற சம்பளக்காரருக்கு இதுல எந்தக் கழிவும் இல்ல. ஆனா சொந்த உபயோகக் கிட்டாரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரியும் இல்ல.

உங்க நிலைமைக்கு எது பொருந்தும்னு உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு வேலை

1. இருக்கிற கிட்டாரை நல்ல டெக்னீஷியன்கிட்ட கொடுத்துச் சரிபண்ணுங்க. கழுத்து வளைவு, கம்பி உயரம், சுருதி எல்லாம் சரியானா பழைய கிட்டாரே புதுசா கேட்கும். சென்னை மாதிரி கடற்கரை ஊர்ல கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், மாத்துங்க.
2. நண்பர்கிட்ட பெடலை ஒரு வாரம் கடன் வாங்கி, நீங்க வாசிக்கிற பாட்டுல எத்தனை இடத்துல அது வருதுன்னு எண்ணுங்க.
3. புதுசு ஒண்ணு வாங்கணும்னா பழசு ஒண்ணை வித்துட்டு வாங்குங்க. போர்டுல இடம் குறையறது கூட நல்ல பட்ஜெட்தான்.
4. சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைங்க. திருட்டு, இன்சூரன்ஸ், மறுவிற்பனை மூணுக்கும் அது வேணும்.

அப்போ லோன் கேள்விக்கு என் பதில்: அவசர கால நிதி இல்லாம, ஷோ வருமானத்தை நம்பி, ஆறு பெடலுக்கு லோன் எடுக்காதீங்க. உறுதியான வேலை கையில இருக்கு, அதுக்கு ஒரு குறிப்பிட்ட கருவி இல்லாம முடியாது, வர்ற பணத்துலயே ஒரு வருஷத்துக்குள்ள அடைச்சிடலாம்னா, அந்த ஒரு கருவிக்கு மட்டும் யோசிக்கலாம்.

இன்னைக்கு ராத்திரி உங்க ரிக்ல இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் மணிக்கணக்கைப் போடுங்க. ரூ.100-ஐத் தாண்டுற பெட்டி எதுவோ, அதை இந்த வாரமே விற்பனைக்குப் போடுங்க. அந்தப் பணத்துல முதல்ல ஒரு செட் நல்ல கம்பி வாங்குங்க, மீதியை ஆர்.டி.ல போடுங்க.