பலகைக்கு நடுவே ஒரு செயலி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், நம் இல்லங்களில் பரண்மேல் கிடந்த கேரம் பலகையும், லூடோ அட்டையும், ஓரம் கிழிந்த பிசினஸ் பெட்டியும் கீழே இறங்கி வருவது வழக்கம். இன்று அவற்றுக்குப் போட்டியாக டேப்லெட் இருக்கிறது. ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு திரையோடு பிள்ளைகள் அமர்ந்திருப்பதைப் பார்த்து ஏங்காத பெற்றோர் குறைவு. இந்த ஏக்கத்தை வணிக நிறுவனங்களும் நன்றாகவே புரிந்து வைத்திருக்கின்றன. அட்டை, காய், பகடை ஆகியவற்றோடு ஒரு செயலியையும் சேர்த்து ஆடும் பலகை விளையாட்டுகள் பதினைந்து ஆண்டுகளாகவே சந்தையில் இருக்கின்றன. குடும்பத்தை மீண்டும் ஒரே மேசைக்குக் கொண்டு வருவோம் என்பது அவற்றின் விளம்பரம். கொண்டு வருகின்றனவா? அன்பு வாசகர்களே, பணம் கொடுத்துப் பெட்டியை வாங்குமுன் இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்று. பலகையோடு கருவியைச் சேர்க்கும் எண்ணம் டேப்லெட் வந்தபின் பிறந்ததல்ல. 1979-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 'ஸ்டாப் தீஃப்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கையடக்கமான ஒரு மின்னணுக் கருவி காலடி ஓசையையும், கண்ணாடி உடையும் சத்தத்தையும் எழுப்பும். அதை வைத்துத் திருடன் பலகையில் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று ஆடுபவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 1991-இல் ஆஸ்திரேலியாவில் வீடியோ கேசட்டோடு ஒரு விளையாட்டு வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஒருவர் அதட்டி ஆணையிட, வீட்டிலுள்ளோர் அதற்கேற்பக் காய்களை நகர்த்தினார்கள். ஜெர்மனியில் 2007-இல் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் வெளியிட்ட 'வேர் வார்ஸ்' என்ற விளையாட்டில் பேசும் பெட்டகம் ஒன்று துப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அதற்கு அந்நாட்டின் சிறந்த குழந்தைகள் விளையாட்டு விருதும் கிடைத்தது. 2010-இல் ஐபேட் வந்த பிறகு தனிக் கருவி தேவைப்படவில்லை. வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே!

மேசைமேல் நடப்பதைத் திரை எப்படி அறிகிறது என்பது பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி. இதற்குச் சில வழிகள் உண்டு. நம் விரல் மின்சாரத்தைக் கடத்துவதால்தான் தொடுதிரை அதை உணர்கிறது. அதே தன்மையுள்ள பொருளை அடியில் பதித்த காயை வைத்தாலும் உணரும். பதித்த புள்ளிகளின் அமைப்பைக் காய்க்குக் காய் மாற்றிவிட்டால், இது ராணி, இது குதிரை என்று பிரித்தறியவும் முடியும். பெங்களூரில் தொடங்கப்பட்ட பிளேஷிஃபு நிறுவனத்தின் 'டாக்டோ' விளையாட்டுகளில் டேப்லெட்டை மேசையில் படுக்கவைத்தால் திரையே பலகையாகிவிடுகிறது.

இன்னொரு வழி கேமரா. 2014-இல் அமெரிக்காவில் அறிமுகமான 'ஆஸ்மோ' ஐபேடின் முன்பக்கக் கேமராமேல் சிறு கண்ணாடி ஒன்றை மாட்டியது. கேமரா நம் முகத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, எதிரே மேசையைக் குனிந்து பார்க்கத் தொடங்கியது. திரையில் ஒரு முயல் உருவம் தோன்றும். குழந்தை டேங்கிராம் மரத்துண்டுகளை மேசையில் அடுக்கும். சரியாக வைத்தால் திரை ஒளிரும். எளிய யோசனைதான், ஆனால் அழகான யோசனை. குழந்தையின் கை திரையைத் தொடவே தேவையில்லை. 2018-இல் வந்த 'கிரானிக்கிள்ஸ் ஆஃப் கிரைம்' விளையாட்டில் அட்டைகளில் அச்சிட்ட க்யூ.ஆர். குறியீடுகளைக் கேமரா படிக்கிறது. அதனால் அதே அட்டைகளை வைத்து வேறு வேறு துப்பறியும் கதைகளை ஆட முடிகிறது.

இவ்வளவும் தொழில்நுட்பம். குடும்பத்துக்கு உண்மையில் முக்கியமான கேள்வி வேறு. செயலி செய்யும் இந்த வேலையை இதற்கு முன் வீட்டில் யார் செய்துகொண்டிருந்தார்கள்?

2012-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட 'மோனோபாலி ஸாப்ட்' பதிப்பை எடுத்துக்கொள்வோம். பலகையும் காய்களும் பழையவையே. காகிதப் பணம் மட்டும் இல்லை. ஆளுக்கொரு வங்கி அட்டை. அதைத் திரையில் தொட்டால் வாடகை ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் போய்விடும். வேகம்தான், தவறும் நேராது. ஆனால் நம் வீட்டுப் பிசினஸ் ஆட்டத்தில் பேங்க் வைத்திருந்தவர் யார்? பெரும்பாலும் அக்காதான், சில வீடுகளில் அம்மா. ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து நூற்றிருபது போக மீதி எவ்வளவு என்று தம்பி விரல்விட்டு எண்ணும்வரை அவர் பொறுத்திருந்தார். கையில் காசில்லாமல் உதட்டைப் பிதுக்கியவனிடம் "சரி, அடுத்த சுற்றில் கொடு" என்று விட்டுக்கொடுத்ததும் அவர்தான். விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை என்று அண்ணன் சண்டை பிடித்ததும் உண்டு. செயலி கடன் சொல்ல விடாது. கூட்டல் கழித்தலோடு, அந்தப் பொறுமையும் விட்டுக்கொடுத்தலும் சண்டையும்கூட மேசையைவிட்டுப் போய்விடுகின்றன. நம்மைக் கேட்டால், ஆட்டத்தில் பாதி அங்கேதான் இருந்தது.

அதே ஆண்டு வந்த 'கேம் ஆஃப் லைஃப்' ஸாப்ட் பதிப்பில் ஐபேடைப் பலகையின் நடுவிலேயே வைக்க வேண்டும். சுழற்றும் சக்கரமும் திரைக்குள் போய்விட்டது. இடையிடையே நகைச்சுவைக் காட்சிகள் வேறு ஓடும். எல்லாக் கண்களும் எங்கே இருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இதற்கு நேர் எதிரான விளையாட்டுகளும் இருக்கின்றன. 2014-இல் செக் நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ஆல்கெமிஸ்ட்ஸ்' அவற்றில் ஒன்று. எட்டு மூலப்பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் மறைவான ஓர் இயல்பு உண்டு. எந்தப் பொருளுக்கு எந்த இயல்பு என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இரண்டு பொருள்களைக் கலந்தால் என்ன கிடைக்கும் என்று சோதித்துச் சோதித்து, மறைந்திருப்பதை ஊகித்து அறிய வேண்டும். எட்டுப் பொருள்களுக்கு எட்டு இயல்புகளை மாற்றி மாற்றிப் பொருத்த 40,320 வழிகள் உண்டு. இந்த இரகசியத்தை யாராவது ஒருவர் மனத்தில் வைத்திருந்து விடை சொல்லியாக வேண்டும். விடை தெரிந்தவர் ஆட முடியாது. இங்கே செயலி அந்த இரகசியத்தைக் காத்துக்கொள்கிறது. அட்டைகளைக் கேமராவிடம் காட்டினால் கலவையின் விளைவை மட்டும் சொல்லும். ஒதுங்கி உட்கார வேண்டிய ஒருவருக்கு ஆட்டத்தில் இடம் கிடைக்கிறது. சற்றுக் கடினமான விளையாட்டு இது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே பொருந்தும்.

ஓநாய் மனிதர்களைக் கண்டுபிடிக்கும் 'ஒன் நைட் அல்டிமேட் வேர்வுல்ஃப்' விளையாட்டிலும் இதுதான் நடக்கிறது. எல்லாரும் கண்ணை மூடியபின் ஒருவர் வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். அவரும் சேர்ந்து ஆடினால், குரல் வரும் திசையும் தயக்கமுமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். செயலி குரல் கொடுத்தால் எல்லாரும் கண்ணை மூடலாம். கண்ணைத் திறந்த பிறகு செயலிக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. பிறகு நடப்பதெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பொய்யா மெய்யா என்று வாதிடுவதுதான்.

'அன்லாக்' என்ற அட்டை விளையாட்டில் செயலி ஏறக்குறைய ஒரு கடிகாரம். புதிர்களை 60 நிமிடங்களுக்குள் அவிழ்க்க வேண்டும். கண்டுபிடித்த எண்ணைச் செயலியில் இட்டால் சரியா தவறா என்று சொல்லும், திணறினால் குறிப்புக் கொடுக்கும். அட்டைப் படங்களுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும். பெரியவர்கள் தர்க்கம் பேசிக்கொண்டிருக்க, மேசை விளிம்பில் மோவாயை வைத்திருக்கும் சின்னவள் கண்ணில்தான் அந்த எண் முதலில் படும்! வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே அணி என்பதால் தோற்றவரைக் கேலி செய்யும் தொல்லையும் இல்லை.

பாட்டி, தாத்தாக்களையும் மறந்துவிடக் கூடாது. தாயத்திலும் பல்லாங்குழியிலும் அவர்களை வெல்ல ஆளிருக்காது. இந்தச் செயலிகளோ பெரும்பாலும் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற மொழிகளிலேயே பேசுகின்றன. எழுத்தும் பொடி எழுத்து. சில வீடுகளில் பேரன் பேத்திகள் திரையில் வருவதைத் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடுகிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் நிமிடக் கணக்கில் நேரம் ஓடும் ஆட்டத்தில் மொழிபெயர்க்கப் பொறுமை இருக்காது. முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நேரக் கட்டுப்பாடில்லாத விளையாட்டே ஏற்றது.

இன்னொரு சிக்கல் பெட்டியின்மேல் அச்சிடப்படாதது. அட்டைக்கு இருக்கும் ஆயுள் செயலிக்கு இல்லை. 2017-இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 11 இயங்குதளத்தை வெளியிட்டபோது, புதுப்பிக்கப்படாத பழைய 32-பிட் செயலிகள் அதில் இயங்காமல் போயின. செயலியை நம்பியிருந்த பெட்டிகளில் காய் தேயவில்லை, பலகை கிழியவில்லை. ஆனால் ஆட்டம் இல்லை. ஆஸ்மோவை 2019-இல் இந்தியாவின் பைஜூஸ் 12 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த பைஜூஸ் 2024-இல் திவால் தீர்வு நடவடிக்கைக்குள் சென்றது. எங்கோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் நம் பிள்ளையின் மரத்துண்டுகள்வரை வந்து தொடுகிறது. நம் பச்சீசியைத் தழுவி 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவை இன்றும் சாக்பீஸால் தரையில் வரைந்துகூட ஆடிவிடலாம்.

ஆகவே கடையிலோ இணையத்திலோ வாங்குமுன் சிலவற்றை விசாரித்துக்கொள்வது நல்லது. நம்மிடமுள்ள டேப்லெட்டில் அந்தச் செயலி இயங்குமா, ஒரு கருவி போதுமா, ஆளுக்கொன்று வேண்டுமா என்று பார்க்க வேண்டும். பதிவிறக்கியபின் இணையம் இல்லாமலும் ஆட முடிந்தால், விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு ஆடலாம். இல்லையென்றால் ஆட்டத்தின் நடுவே அப்பாவின் அலுவலகச் செய்திகள் வந்து விழும். பிள்ளையின் பெயரும் வயதும் கேட்கும் செயலியானால் பெற்றோரே அமர்ந்து பதிவு செய்யட்டும். 2023-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

செயலி இல்லாமலும் ஆட வழி இருக்கிறதா என்று விதிப்புத்தகத்தில் தேடிப்பாருங்கள். பலவற்றில் இருக்காது. ஆல்கெமிஸ்ட்ஸில் இருக்கிறது. டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்துபோனால், வீட்டில் யாராவது ஒருவர் இரகசியத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்று, அன்றைய ஆட்டத்தைத் தான் ஆடாமல் மற்றவர்களுக்கு நடத்திக் கொடுக்கலாம்.